சேமித்த படங்கள் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். பிடித்த இணையதளங்கள், சுவரொட்டிகள், எழுத்துருக்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் சொந்தமாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் எதுவும் தோன்றுவதில்லை. நல்ல படைப்புகளை எங்கே தேடுவது? அவற்றிலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது? வேலைக்கு வெளியே ஒரு சிறு முயற்சியையாவது முடிப்பது எப்படி?

பதில்: நீங்கள் கேட்டவை மூன்று. நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரிதான்.

நீங்கள் சேர்த்து வைத்திருப்பவை எல்லாம் முடிந்துபோன வேலைகளின் முகங்கள். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதேபோல் இன்னொரு முகத்தை வரையத்தான் கை போகும். இரண்டு கோடு போடுவதற்குள் 'இது நகல்' என்று மனமே தடுத்துவிடும். உட்கார்ந்ததும் எதுவும் தோன்றாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் திறமையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல படைப்பு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு விதி இருக்கிறது. எதை எதுவாக மாற்றிக் காட்டுகிறார்கள், எதைச் செய்யவே கூடாது என்று தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் அந்த விதி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேறொரு பொருளின்மேல் வைத்துப் பார்க்கலாம். அப்போது வருவது உங்களுடையதாகவே இருக்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு காற்று வரைபடம். 2012-ல் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் என்ற இருவர் அமெரிக்காவின்மேல் வீசும் காற்றை இணையத்தில் வரைந்து காட்டினார்கள். வானிலை வரைபடம் என்றால் அம்புக்குறிகளும் எண்களும் வண்ணப் பட்டைகளும் நினைவுக்கு வரும். இவர்கள் அவை எல்லாவற்றையும் விலக்கிவிட்டார்கள். மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் காற்று போகும் திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் கூடிய இடத்தில் அடர்ந்து பாயும், வேகம் குறைந்த இடத்தில் தேய்ந்து மறையும். வானிலைத் துறை பொதுவில் தரும் முன்கணிப்புத் தரவுதான் அதற்கு ஆதாரம். அந்தத் தரவு எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 'காற்றை அம்பாகக் காட்டாதே, ஓடவிடு' என்ற விதி மட்டும்தான் புதிது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் கேமரன் பெக்காரியோ என்ற மென்பொருள் பொறியாளர். அவர் முதலில் டோக்கியோ நகரத்துக்கு மட்டும் அப்படி ஒரு காற்று வரைபடம் செய்தார். பிறகு 2013 இறுதியில் உலகம் முழுவதற்குமாக ஒரு உருண்டையையே சுழலவிட்டார். மவுஸால் பிடித்துத் திருப்பினால் பூமி திரும்பும். எந்தப் பெருங்கடலின்மேல் புயல் சுருண்டுகொண்டிருக்கிறது என்பது அப்படியே தெரியும். உலாவியில் இயங்கும் நிரல்களைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் இதில் இறங்கினார். பின்னாளில் கடல் நீரோட்டங்கள், அலைகள், காற்றில் கலந்த துகள்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தும் வைத்தார். 2014-ல் ஈவோ லுகாச்சோவிச் என்பவர் அந்தத் திறந்த நிரலை எடுத்து, காற்றை நம்பி விளையாடுபவர்களுக்கும் விமானம் ஓட்டுபவர்களுக்கும் பயன்படும் முன்கணிப்புக் கருவியாக மாற்றினார். அதுதான் இன்று பலருடைய கைப்பேசியில் இருக்கும் விண்டி என்ற வானிலைச் செயலி.

இந்த மூன்று மாற்றங்களிலும் நடந்ததைக் கவனியுங்கள். விதி அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்று மட்டும் மாறியது. ஒருவர் இடத்தை மாற்றினார். அவரே பிறகு அளவை மாற்றினார். லுகாச்சோவிச் அதைப் பார்க்கப்போகும் ஆளை மாற்றினார். மூன்றையும் யாரும் நகல் என்று சொல்வதில்லை.

இன்னொரு சங்கிலி எனக்கு இதைவிடப் பிரியமானது. பிட்காயின் பரிமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு ஒலியாகக் கேட்கும்படி மேக்சிமிலியன் லாமைஸ்டர் ஒரு பக்கம் செய்திருந்தார். அதைக் கேட்ட ஸ்டீபன் லாபோர்ட், மஹ்மூத் ஹஷேமி இருவரும் 2013-ல் அதே விதியை விக்கிப்பீடியாவின்மேல் வைத்தார்கள். யாராவது ஒரு கட்டுரையில் எதையாவது சேர்த்தால் மணி ஒலிக்கும். நீக்கினால் நரம்புக் கருவியை மீட்டும் ஒலி வரும். மாற்றம் பெரிதாக இருந்தால் ஒலி ஆழமாக இறங்கும். புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கினால் நரம்பிசை ஒருமுறை பொங்கி அடங்கும். திரையில் வட்டங்கள் விரிந்து மறையும். அந்தப் பக்கத்தை நான் பல நாள் பின்னணியில் ஓடவிட்டு வேலை செய்திருக்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்த நேரத்தில் எதையோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஒரு புள்ளிவிவர அட்டவணை இத்தனை நெருக்கமாக உணர்த்தியதில்லை.

ஆகவே உங்கள் இரண்டாயிரம் படங்களையும் தூக்கி எறிய வேண்டாம். அவற்றுள் பத்தை எடுத்து ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'அழகான நிறங்கள்' என்று எழுதினால் அது கணக்கில் வராது. 'ஒரே ஒரு நிறம்; அதன் செறிவு மட்டும் மாறுகிறது' என்று எழுதினால் வரும். 'நவீனமாக இருக்கிறது' வராது. 'தலைப்பு பக்கத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மற்றதெல்லாம் அடிக்குறிப்புபோல் தெரிகிறது' வரும். சில ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் பழக்கம் இது: ஒரு வாக்கியம் எழுத முடியாத படத்தைச் சேமிப்பதில்லை. சேமிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் ஏதாவது பேசுகிறது.

விதி எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்கு ஜாஷ் வொர்த் 2014-ல் இணையப் பக்கமாகச் செய்த சூரியக் குடும்பத்தைச் சொல்வேன். நிலவின் விட்டம் ஒரு பிக்சல், அதாவது திரையின் மிகச் சிறிய புள்ளி, என்று அவர் வைத்துக்கொண்டார். ஏறத்தாழ 3,475 கிலோமீட்டர் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் பூமி நான்கு பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. சூரியன் 400 பிக்சல். சூரியனிலிருந்து பூமிக்கு வர, பக்கத்தைப் பக்கவாட்டில் சுமார் 43,000 பிக்சல் நகர்த்த வேண்டும். புளூட்டோவை அடைய ஏறக்குறைய பதினேழு லட்சம் பிக்சல். நடுவில் இருப்பதெல்லாம் கறுப்பு வெறுமை. அங்கங்கே ஓரிரு வரிகள் மட்டும் துணைக்கு வரும். ஒளியின் வேகத்தில் பக்கம் தானாக நகர ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்திவிட்டு, பூமி வரும் வரை எட்டு நிமிடங்களுக்குமேல் காத்திருந்து பாருங்கள். பாடநூல்களில் கோள்களை வரிசையாக அடுக்கி வரைவதால் நாம் ஒருபோதும் உணராத உண்மை, விரல் வலியாகவே கைக்குள் வந்துவிடுகிறது.

இதில் வரைகலைத் திறமை என்று சொல்ல எதுவும் இல்லை. சில வட்டங்கள், ஒரு நீளமான பக்கம், அவ்வளவுதான். 'உருட்டும் தூரமே உண்மையான தூரம்' என்ற விதிதான் முழுப் படைப்பும். நீல் அகர்வால் 2019-ல் வெளியிட்ட ஆழ்கடல் பக்கத்திலும் இதே வகை விதிதான் வேலை செய்கிறது. அங்கே பக்கம் கீழ்நோக்கிப் போகிறது. ஒவ்வொரு ஆழத்திலும் அங்கே வாழும் உயிர்கள் எதிர்ப்படுகின்றன. கிட்டத்தட்ட 11,000 மீட்டரில்தான் தரை தட்டுகிறது. ஒன்று வானத்தின் வெறுமையைக் காட்டுகிறது, மற்றொன்று கடலின் ஆழத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் பார்ப்பவரின் விரல்தான் அளவுகோல்.

தடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1984-ல் வந்த மேக்கின்டோஷ் கணினியின் சின்னங்களை வரைந்த சூசன் கேர் நுண்கலை படித்தவர். கணினிக்கு வரைந்த முன்அனுபவம் அவருக்கு இல்லை. கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் 32-க்கு 32 கட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புவதா விடுவதா என்று தீர்மானித்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. சிறு கற்களைப் பதித்துச் செய்யும் மொசைக்கும் துணியில் போடும் தையல் வேலையும் அதே கணக்கில்தான் நடக்கின்றன என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் கணினியின் கட்டளை விசையில் இருக்கும் சின்னம், நான்கு மூலைகளிலும் கண்ணி வைத்த சதுரம், சின்னங்களைத் தொகுத்த ஒரு நூலைப் புரட்டியபோது அவருக்குக் கிடைத்தது. சுவீடனில் பார்க்கத் தகுந்த இடங்களைக் குறிக்க அதைச் சாலையோரப் பலகைகளில் போடுவார்கள். கணினித் துறையின் சின்னங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அது அவர் கண்ணில் பட்டிருக்காது.

2003-ல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற இணையதளத்தையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பக்கத்தின் எச்டிஎம்எல், அதாவது உள்ளடக்கத்தைத் தாங்கும் கோப்பு, ஒன்றுதான். அதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடக்கூடாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றலாம். இருநூறுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் அங்கே சேர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தால் ஒரே உள்ளடக்கம்தான் என்று நம்ப முடியாது. இன்றும் தொடக்கநிலை மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். எல்லாம் அனுமதிக்கப்பட்டால் என்ன செய்வது என்று தெரியாது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தடுக்கப்பட்டால் அந்த ஒன்றில் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று கண் தேடத் தொடங்கிவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: எங்கே தேடுவது?

வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் டிரிபிள், பிஹான்ஸ் போன்ற தளங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். நிழல் எப்படி விழ வேண்டும், பொத்தானுக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது போன்ற கைவேலை நுணுக்கங்களை அங்கே நன்றாகக் கற்கலாம். ஆனால் எண்ணத்தைத் தேடி அங்கே போகாதீர்கள். டிரிபிள் தொடங்கிய காலத்தில் ஒரு படத்தின் அளவு 400-க்கு 300 பிக்சல்தான். அந்தச் சிறு சட்டத்துக்குள் அழகாகத் தெரிவதற்காகவே பலர் வரையத் தொடங்கினார்கள். உண்மையான செயலியில் நீளமான பெயரும், ஏற்றப்படாத படமும், தவறாகத் தட்டப்பட்ட எண்ணும் வரும்; அந்தச் சட்டத்துக்குள் அவை எதுவும் வருவதில்லை. எல்லோரும் அதே இடத்தில் பார்த்து அதே இடத்தில் போடுவதால் எல்லாம் ஒன்றுபோலவே ஆகிவிடுகிறது.

எண்ணம் வேண்டுமென்றால் உங்கள் துறைக்கு வெளியே, முடிந்தால் உங்கள் காலத்துக்கும் வெளியே போக வேண்டும். இதற்கு இப்போது இருக்கும் வசதி இதுவரை எந்தத் தலைமுறைக்கும் கிடைத்ததில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-ல் சுமார் 3,75,000 படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திக்கொள்ள விட்டது. 2020-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் அப்படியே திறந்து வைத்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதற்கு முன்பே வழிகாட்டியது. பல்லுயிர் பாரம்பரிய நூலகத்தில் பழைய தாவர நூல்களின் வரைபடங்கள் கிடைக்கின்றன. டேவிட் ரம்சி சேகரிப்பில் பழைய நிலப்படங்கள். எழுத்துகளில் ஆர்வம் இருந்தால் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ் இணையத்தில் வைத்திருக்கும் தொகுப்பில் ஒரு மாதம் தொலைந்துபோகலாம். பழைய இணையத்தைப் பார்க்க வேபேக் மெஷின் இருக்கிறது.

இந்தச் சுரங்கங்களில் இறங்கி என்ன செய்யலாம் என்பதற்கு நிக்கோலஸ் ரூஜோவின் வேலையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1847-ல் ஆலிவர் பைர்ன் என்பவர் யூக்ளிடின் வடிவியலை ஒரு விசித்திரமான முறையில் அச்சிட்டார். 'கோணம் அஆஇ' என்று எழுத்துகளால் குறிப்பதற்குப் பதிலாக, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நிறத் துண்டுகளையே வாக்கியத்துக்குள் சொற்களைப்போல் வைத்தார். அந்த நூல் முழுவதையும் ரூஜோ இணையத்துக்காக மறுபடியும் கட்டினார். வாக்கியத்தில் உள்ள ஒரு நிறத் துண்டைத் தொட்டால் வரைபடத்தில் அதே துண்டு ஒளிரும். காகிதத்தில் பைர்னால் செய்ய முடியாமல்போன ஒன்றைத் திரை செய்து முடிக்கிறது. அதேபோல், இயற்கையியலாளர்கள் நிறங்களைத் துல்லியமாகக் குறிக்க வைத்திருந்த 19-ஆம் நூற்றாண்டு நிறப் பட்டியல் ஒன்றையும் அவர் மீட்டெடுத்தார். அதன் 110 நிறங்களுக்கும் எந்த விலங்கில், எந்தத் தாவரத்தில், எந்தக் கனிமத்தில் அந்த நிறம் இருக்கிறது என்று பழைய ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். டார்வின் பீகிள் கப்பலில் போனபோது கையில் வைத்திருந்த பட்டியல் அது. இவற்றை எப்படிச் செய்தார், எங்கே தடுமாறினார் என்பதையும் ரூஜோ நீளமாக எழுதி வைத்திருக்கிறார். படைப்பைப் பார்ப்பதைவிட அந்தக் குறிப்புகளைப் படிப்பதில்தான் உங்களுக்கு அதிக லாபம்.

துறை தாண்டிப் பார்ப்பது இணையத்தோடு வந்த பழக்கமும் அல்ல. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் பெரிய நுழைவாயிலை வடிவமைத்த ரெனே பினே, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் கடல் உயிர்களை எர்ன்ஸ்ட் ஹெக்கல் வரைந்த படங்களிலிருந்து அதன் உருவத்தை எடுத்தார். மில்லிமீட்டரின் சிறு பகுதியே இருந்த உயிரின் ஓடு, ஆயிரக்கணக்கானோர் நுழையும் வாயிலாக ஆயிற்று.

எடுத்துக்கொள்வதற்கும் திருடுவதற்கும் உள்ள கோட்டையும் சொல்லிவிடுகிறேன். கற்பதற்காக ஒரு பக்கத்தை அச்சு அசலாக மீண்டும் கட்டிப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. நான் இன்றும் செய்கிறேன். ஒரு பிக்சல்கூட விலகாமல் கட்டும்போதுதான் அந்த வடிவமைப்பாளர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தெரியும். ஆனால் அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. வெளியிடும் படைப்பில் யாருடைய விதியை எடுத்தீர்களோ அவர் பெயரைச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவின் ஒலியைக் கேட்க வைத்த இருவரும் தங்களுக்கு முன்னால் செய்தவரின் பெயரைத் தயங்காமல் குறிப்பிட்டார்கள். அதனால் அவர்கள் படைப்பு சிறுத்துவிடவில்லை. படங்களையோ நிரலையோ எடுத்தால் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். 'இணையத்தில் கிடந்தது' என்பது உரிமம் ஆகாது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், முடிப்பது எப்படி என்பதற்கு. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருள். ஓய்வுநேரப் படைப்புக்கு உலகத்தை மாற்றும் கருத்து வேண்டியதில்லை. உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும் ஒன்று வேண்டும். ஜார்ஜியா லூப்பி நியூயார்க்கிலும் ஸ்டெஃபனி போசவெக் லண்டனிலும் இருந்தார்கள். இருவரும் தரவுகளை வரைபடமாக்கும் வடிவமைப்பாளர்கள். நேரில் சந்தித்தது இரண்டே முறை. 2014-ல் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாரம் ஒரு பொருளை எடுத்துத் தங்கள் வாழ்க்கையில் அதை எண்ண வேண்டும். கையால் ஒரு அஞ்சலட்டையில் வரைய வேண்டும். பின்பக்கம் அதைப் படிக்கும் விளக்கத்தை எழுதி மற்றவருக்கு அனுப்ப வேண்டும். முதல் வாரம் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தோம் என்பது. இன்னொரு வாரம் எத்தனை முறை நன்றி சொன்னோம் என்பது. இப்படியே 52 வாரங்கள். வேலையில் கணினியில் பெரிய தரவுகளோடு பழகியவர்கள், இங்கே வண்ணப் பென்சிலும் அட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்னர் அந்த அட்டைகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவர்கள் ஒவ்வொரு வாரமும் முடித்தார்கள், ஏனென்றால் மறுமுனையில் ஒருவர் அஞ்சலட்டைக்காகக் காத்திருந்தார்.

ஒரே ஒரு ஆளுக்காகச் செய்வதன் வலிமையை, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டும் காட்டியது. ஜாஷ் வார்டில் அதன் முதல் வடிவத்தை 2013-லேயே செய்தார். நண்பர்களுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, எடுத்து வைத்துவிட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் அவரும் அவர் துணைவியும் சொல் விளையாட்டுகளில் மூழ்கியிருந்தபோது அதைத் தூசி தட்டி எடுத்தார். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் இருந்தன. பலவற்றை யாருமே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். துணைவி அவற்றைச் சலித்து, தெரிந்த சொற்கள் இரண்டாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தார். நாளுக்கு ஒரு சொல், விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். நவம்பர் 1-ஆம் தேதி அதை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சம் பேர். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. இந்தக் கடைசி வரியைப் பார்த்து யாரும் தொடங்க வேண்டாம். அது எல்லோருக்கும் நடப்பதில்லை. எடுத்து வைத்ததை எட்டு ஆண்டுகள் கழித்தும் எடுக்கலாம் என்பதையும், யார் விளையாடப் போகிறார் என்று தெரிந்ததால் எதை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது என்பதையும் பாருங்கள்.

பிறகு காலம். ஜெனிஃபர் டிவால்ட் என்ற ஓவியர் 2013-ல், நிரல் எழுதத் தெரியாத நிலையில், 180 நாளில் 180 இணையதளங்கள் என்று தொடங்கி முடித்தார். தொடக்கத்தில் இருந்தவை மிக எளியவை. அப்படியேதான் இருக்க முடியும், ஒரு நாள்தானே அவகாசம். எழுத்துகளை வரைபவர்கள் 26 எழுத்துக்கும் 10 எண்ணுக்குமாக 36 நாள் தொடர்ந்து வரையும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. இவை நல்லவைதான். ஆனால் முழுநேர வேலை செய்யும் உங்களுக்குத் தினசரி முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தாவது நாள் களைப்பில் கை தானாகவே பழகியதையே வரையும். எண்ணிக்கை ஏறும், புதிதாக எதுவும் யோசித்திருக்க மாட்டீர்கள். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று வையுங்கள். தேதியை மாற்றாதீர்கள், தேதிக்குள் அடங்காததை வெட்டுங்கள். உள்நுழைவுப் பக்கம், அமைப்புகள், கறுப்புப் பின்னணி மாற்றும் பொத்தான் ஆகியவற்றைத்தான் முதலில் வெட்ட வேண்டும். பாதியில் நின்ற என் முயற்சிகளைத் திரும்பப் பார்த்தால், பெரும்பாலானவை இந்தத் துணைவேலைகளிலேயே நின்றிருக்கின்றன. மையமான ஒன்றைத் தொடவே இல்லை.

கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆகவே சுருக்கமாக. நிரலில் வரைய விருப்பம் இருந்தால் கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001-ல் கலைஞர்களுக்காகவே உருவாக்கிய புராசசிங் என்ற நிரல் கருவி இருக்கிறது. அதன் உலாவி வடிவமான பி5-ஐ லாரன் மெக்கார்த்தி தொடங்கினார். இரண்டும் இலவசம். வேறு எதுவும் வேண்டாம் என்றால் காகிதமும் பேனாவும் போதும்.

வேலையில் இருப்பவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. நிறுவனத்தோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணிநேரத்துக்கு வெளியே செய்ததற்கும் உரிமை கோரும் விதி சில ஒப்பந்தங்களில் இருக்கும். சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நிறுவனம் தந்த கணினியிலும் கணக்கிலும் சொந்த வேலையைச் செய்யாதீர்கள்.

செய்ததை எங்கே வைப்பது என்பதையும் முதல் நாளே யோசியுங்கள். என்னுடைய ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்றை ஒரு இலவசச் சேவையில் வைத்திருந்தேன். சேவையை மூடினார்கள், என்னிடம் பிரதி இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இது எனக்கு மட்டும் நடந்ததும் அல்ல. யாரும் இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009-ல் மூடப்பட்டபோது எளிய மனிதர்கள் கட்டிய கணக்கற்ற பக்கங்கள் அழிய இருந்தன. தன்னார்வலர்கள் இரவு பகலாகப் பிரதி எடுத்ததால்தான் பெரும்பகுதி தப்பியது. உலாவியில் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் 2020 இறுதியில் நின்றபோது ஒரு தலைமுறையின் விளையாட்டுகளும் அசைபடங்களும் ஒரே நேரத்தில் ஓடாமல்போயின. ஆகவே முடிந்த வரை எளிய கோப்புகளாக, உங்கள் சொந்த முகவரியில், கையில் ஒரு பிரதியோடு வையுங்கள். 1990-களில் எழுதிய எளிய எச்டிஎம்எல் பக்கம் இன்றும் அப்படியே திறக்கிறது.

தொடங்குவதற்கு உங்களுக்கு இரண்டு பொருள் தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, விக்கிப்பீடியாவின் ஒலி விதியை எழுதுபவரின்மேல் வைப்பது: ஒருவர் தட்டச்சு செய்யும்போது அழித்த எழுத்துகள் மட்டும் ஒலியாகக் கேட்க வேண்டும். ஒரு கடிதம் எழுதி முடிக்கும்போது சொல்லாமல் விட்டதெல்லாம் ஒரு இசையாகச் சேர்ந்திருக்கும். இரண்டு, நிலவின் அளவு விதியைக் காலத்தின்மேல் வைப்பது: நீங்கள் ஒரு நாளில் திரையைப் பார்க்காமல் இருந்த மிக நீண்ட இடைவெளியை, ஒரு வினாடிக்கு ஒரு பிக்சல் என்று உருட்டிப் பார்க்கும் பக்கம். ஒரு மணி நேரம் 3,600 பிக்சல்தான். சில திரைகளில் முடிந்துவிடும். தூங்கிய எட்டு மணி நேரம் மட்டும் 28,800 பிக்சல். இரண்டில் எதுவானாலும் முதல் வடிவம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் அளவில்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் விதியை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிறு இரவு எந்த நிலையில் இருந்தாலும் ஒருவருக்கு அனுப்புங்கள். அனுப்ப வேறு யாரும் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள். திறந்து பார்த்து, என்ன தோன்றியது என்று எழுதுகிறேன்.